இரண்டு கடிகாரங்களும் ஒரு சாலையும்: கொல்கத்தாவிலிருந்து சராசரி வேகத்தின் வரலாறு

சராசரி வேகக் கட்டுப்பாட்டின் அடிப்படை, பள்ளிக் கணக்கு அளவுக்கு எளியது. தொலைவு அளந்து வைக்கப்பட்ட ஒரு சாலைப் பகுதியின் தொடக்கத்தில் ஒரு கேமராவும் முடிவில் ஒரு கேமராவும் வண்டியின் பதிவெண்ணையும் அது கடந்த நேரத்தையும் குறித்துக்கொள்கின்றன. தொலைவை நேர வேறுபாட்டால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கிறது. அது வரம்பைத் தாண்டியிருந்தால், அந்த வண்டி இடையில் எங்கோ வரம்பை மீறித்தான் ஆக வேண்டும். எந்த இடத்தில், எந்த நொடியில் மீறியது என்று யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

பொதுப்பேச்சில் இது இருபத்தோராம் நூற்றாண்டின் மின்னணுப் புதுமையாகவே கருதப்படுகிறது. ஆனால், இந்தக் கணக்குக்கு வேண்டிய மூன்று கூறுகள், அதாவது ஒத்துப்போகும் இரு கடிகாரங்கள், அளந்த தொலைவு, இவ்விரண்டையும் சான்றாக ஏற்கும் சட்டம் ஆகியவை, கொல்கத்தாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வாயில்களின் வழியே வந்து சேர்ந்தவை. வந்த பின்னும் அவை பெரும்பாலும் வண்டிகளை விரைவுபடுத்தவே பயன்பட்டன. விரைவுபடுத்தப் பயன்பட்ட அதே கணக்கை உயிர்காக்கத் திருப்பும்போது, அதில் யாருடைய பொறுப்பு அளக்கப்படுகிறது, யாருடைய பொறுப்பு விடுபட்டுப்போகிறது என்ற கேள்விக்கு இந்நகரத்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

முதலில் கடிகாரம். 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. இருப்புப்பாதைதான் ‘இரு இடங்களுக்கிடையே கழிந்த நேரம்’ என்பதை ஓர் அன்றாட ஆவணமாக்கியது. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் பதிவேட்டில் ஏறின. அடுத்த நிலையத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டால், இடைவழியில் வண்டி எப்படி ஓடியது என்பது தெரிந்துவிடும். ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு இரு நிலையங்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். சென்னை வானாய்வகத்தைச் சார்ந்த ‘மதராஸ் நேரம்’ இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமானது இந்தத் தேவையால்தான். மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தாவின் உள்ளூர் நேரமோ ஏறத்தாழ 5 மணி 53 நிமிடம் முந்தியது. நகரத்துக் கடிகாரத்துக்கும் இரயில்வேக் கடிகாரத்துக்கும் இடையே அரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு நின்றது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்த பிறகும், கல்கத்தா தன் உள்ளூர் நேரத்தை 1948 வரை கைவிடவில்லை.

இது வெறும் வரலாற்றுச் சுவைக்காகச் சொல்லப்படுவதன்று. சராசரி வேகம் என்பது இரு நேரங்களின் கழித்தல். இரு கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் கழித்துக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. நான்கரை கிலோமீட்டர்ப் பகுதியை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 4 நிமிடம் 30 நொடி ஆகும். ஒரு கடிகாரம் 30 நொடி பிழையாக ஓடினால், அதே வண்டி மணிக்கு 67.5 கிலோமீட்டரில் சென்றதாகக் கணக்கு காட்டிவிடும். இன்றைய கருவிகளில் கடிகார ஒருங்கிசைவும் காலமுறைச் சான்றளிப்பும் ஏன் சட்டத் தேவைகளாக இருக்கின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

அடுத்தது சட்டம். தாமஸ் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் கல்கத்தாவிலிருந்து அளித்த வரைவே பின்னாளில், 1860இல், இந்திய தண்டனைச் சட்டமானது. அதன் 279ஆவது பிரிவு பொதுவழியில் வண்டியை அசட்டுத் துணிச்சலோடோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு எடுத்துக்கொண்டது. இரண்டிலும் குற்றத்தின் இலக்கணம் ஒன்றே: அதில் எண் இல்லை, ஓட்டும் விதத்தைக் குறிக்கும் அடைமொழிதான் உண்டு. தமிழ்நாட்டின் முதல் தகவல் அறிக்கைகளில் இன்றும் தவறாமல் இடம்பெறும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் இந்த மரபின் வாரிசு. விபத்துக்குப் பின் எழுதப்படும் இந்தத் தொடர் ஓர் அளவீடு அன்று, ஒரு தீர்ப்பு.

இதன் விளைவு புள்ளிவிவரங்களிலும் படிந்திருக்கிறது. நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவற்றுள் 71.2 விழுக்காட்டுக்குக் காரணம் ‘அதிவேகம்’ எனப் பதிவாகியுள்ளது. வேகம் உயிரைக் குடிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த விழுக்காடு, அளந்த வேகங்களின் தொகுப்பன்று. காவல்நிலையங்கள் தேர்ந்தெடுத்த ஒரு வகைப்பாட்டின் தொகுப்பு. சாலையின் வடிவக்கோளாறும், நடைபாதையின்மையும், வெளிச்சக் குறைவும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோக இடமுண்டு. அளவீடு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைமொழியிலிருந்து எண்ணுக்கு நகர்ந்தது மோட்டார் வண்டிகளின் காலத்தில். பிரிட்டனின் 1903ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் மணிக்கு 20 மைல் என வரம்பு விதித்தது. அதை நடைமுறைப்படுத்தக் காவலர்கள் கண்ட வழி, சாலையில் ஒரு தொலைவை அளந்து, இரு முனைகளிலும் மறைந்து நின்று, ஸ்டாப்வாட்சால் நேரம் பார்ப்பது. அதாவது வேகக் கட்டுப்பாட்டின் மிகப் பழைய வடிவமே சராசரி வேகம்தான். ஒரு புள்ளியில் வேகத்தைப் பிடிக்கும் ரேடார் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. இந்தக் கண்ணிகளைப் பற்றி உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை தருவதற்காகவே 1905இல் அங்கு மோட்டார் ஓட்டுநர் சங்கம் தோன்றியது. கண்காணிப்பும் அதைத் தப்பும் வழியும் ஒரே காலத்தில் பிறந்தவை.

இந்தியாவில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் இந்த மரபில் வளர்ந்தன. இப்போது நடப்பிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 183ஆவது பிரிவை ஆய்வாளர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அதன் மூன்றாம் உட்பிரிவு, ‘வண்டி வேகமாகச் சென்றது’ என்று ஒரே ஒரு சாட்சி தம் கருத்தைச் சொன்னால் மட்டும் எவரையும் தண்டிக்க இயலாது என்கிறது. அந்தக் கருத்து ஒரு கருவியின் அளவீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். கண் கண்டது போதாது, கருவி சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

நான்காம் உட்பிரிவு அதைவிடச் சுவையானது. ஒரு பயணத்தை இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ ஆணையிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது நடைமுறையில் இயலாது என்று நீதிமன்றம் கருதுமானால், அந்த அட்டவணையே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சான்றாகும். தன்கீழ்ப் பணிபுரிபவரை வரம்பு மீறி ஓட்டச் செய்வதும் முதலாம் உட்பிரிவின்படி குற்றம். தொலைவை நேரத்தால் வகுக்கும் கணக்கு, கேமராக்கள் வருமுன்பே இந்தியச் சட்டத்துக்குள் இருந்திருக்கிறது. அது குறிவைத்தது ஓட்டுநரை அன்று. ஓட்டுநருக்கு நேரம் குறித்துக் கொடுத்தவரை.

இந்த உட்பிரிவு எந்த நகரத்துக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, கொல்கத்தாவுக்குப் பொருந்துகிறது. அந்நகரின் தனியார் பேருந்துகளிலும் மினி பேருந்துகளிலும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நிலையான ஊதியம் கிடையாது என்பதே நெடுநாள் வழக்கம். அன்றைய வசூலில் ஒரு பங்குதான் கூலி. வழித்தடத்தில் ஆங்காங்கே டைம் கீப்பர்கள் இருப்பார்கள். நடத்துநர் இறங்கி ஓடி, பேருந்து வந்த நேரத்தைப் பதிந்துகொண்டு திரும்புவார். பிந்தினால் தண்டம். தமிழ்நாட்டின் தனியார் பேருந்து நிலையங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று.

இங்கே இரு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. கூடுதல் பயணியை ஏற்றினால்தான் கூலி. ஆகவே நிறுத்தத்தில் பேருந்து ஊர்கிறது. அடுத்த டைம் கீப்பரிடம் நேரத்துக்குச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே நிறுத்தம் தாண்டியதும் பாய்கிறது. அதே தடத்தின் இன்னொரு பேருந்து பின்னால் தெரிந்துவிட்டால் இரண்டும் முட்டிமோதுகின்றன. வங்காள நாளிதழ்கள் இதைக் குறிக்க வழங்கும் சொல் ‘ரேஷாரேஷி’. அதற்குப் பொருள் வேகம் அன்று. ஒருவரோடு ஒருவர் கொள்ளும் போட்டி. தமிழ் முதல் தகவல் அறிக்கையின் ‘அதிவேகம்’ ஓட்டுநரின் தனிக்குணத்தைச் சுட்டுகிறது; ‘ரேஷாரேஷி’ இருவருக்கிடையேயான உறவைச் சுட்டுகிறது. நோயின் பெயராக இரண்டாவதே பொருத்தமானது. 2024 நவம்பரில் சால்ட் லேக்கில் இத்தகைய போட்டியில் ஒரு பள்ளிச் சிறுவன் உயிரிழந்த பிறகு, இந்தக் கமிஷன் முறைக்கு முடிவு கட்டுவது பற்றி மாநில அரசு மீண்டும் பேசத் தொடங்கியது.

ஆக, கொல்கத்தாவின் பேருந்துத் தடங்களில் சராசரி வேகம் பல பத்தாண்டுகளாகவே அளக்கப்பட்டு வருகிறது. பிந்துவதற்குத் தண்டம் உண்டு, முந்துவதற்கு இல்லை. இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஊர்ந்தும் பாய்ந்தும் செல்லும் பேருந்தின் சராசரி வேகம் மிகச் சாதாரணமாகவே இருக்கும். கொல்வது அந்தப் பாய்ச்சல். நிறுத்தங்களும் சிக்னல்களும் நிறைந்த நகரச் சாலையில் சராசரி என்ற எண் ஆபத்தை மறைத்துவிடும். இடையில் நிற்கக் காரணமில்லாத பாதைகளில், அதாவது மேம்பாலங்கள், சுரங்கப்பாதைகள், விரைவுச்சாலைகள் ஆகியவற்றில்தான் அது உண்மையைச் சொல்லும். 2015இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் மா மேம்பாலம் இவ்வகைப்பட்டது. ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர் நீளமுள்ள அத்தகைய பாதையை மணிக்கு 90 கிலோமீட்டரில் பறந்து கடப்பவர், 60இல் செல்பவரைவிட மிச்சப்படுத்துவது ஒன்றரை நிமிடம்.

அந்த ஒன்றரை நிமிடத்தின் விலையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரன் நில்சன் முன்வைத்த அடுக்குவிதி மதிப்பிடுகிறது. சாலையின் சராசரி வேகம் மாறும்போது உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் மாறுகின்றன. வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 4 விழுக்காடு கூடும். 10 விழுக்காடு குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். சிறு வேகக் குறைப்பும் பெரும் பயன் தரும் என்பதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியோடு வளர்கிறது.

ஒற்றைப் புள்ளிக் கேமராவால் இந்தக் குறைப்பை நிலைநிறுத்த முடிவதில்லை. கேமரா இருக்கும் இடம் சில நாள்களில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே பிரேக்கை மிதித்துவிட்டு, தாண்டியதும் பழைய வேகத்துக்குத் திரும்புவார்கள். ஆய்வுலகம் இதைக் ‘கங்காரு விளைவு’ என்கிறது. திடீர் வேகத்தடுப்பே பின்மோதலுக்குக் காரணமாவதும் உண்டு. இரு முனைகளுக்கிடையே அளக்கும்போது இந்த உத்தி பலிக்காது. வண்டிகளின் வேகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஓட்டமும் சீராகிறது.

நெதர்லாந்து 1990களின் இறுதியில் இம்முறையைத் தொடங்கியது. 2002இல் ராட்டர்டாம் அருகே ஓவர்ஸ்கி பகுதி வழியே செல்லும் ஏ13 சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரம்போடு அது வந்தபோது, முதன்மை நோக்கம் அங்கு குடியிருப்போருக்குக் காற்று மாசையும் இரைச்சலையும் குறைப்பது. இத்தாலி 2005 முதல் ‘டியூட்டர்’ என்ற பெயரில் தன் விரைவுச்சாலைகளில் இதைப் பரப்பியது. பிரிட்டனில் நிலையான சராசரி வேகக் கேமராக்களை ஆராய்ந்து 2016இல் ஆர்.ஏ.சி. அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, உயிரிழப்பும் கடுங்காயமும் விளைத்த விபத்துகள் சுமார் 36 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. இந்த எண்ணின் மதிப்பு அதன் முறையியலில் இருக்கிறது. விபத்துகள் தற்செயலாகக் கூடியிருந்த ஆண்டுக்குப் பிறகு கேமரா பொருத்தினால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறையத்தான் செய்யும். சராசரிக்குத் திரும்பும் இந்தப் போக்கையும் நாடு தழுவிய பொதுச் சரிவையும் கழித்த பின்னர் எஞ்சியதே அந்த 36.

இத்தாலியின் ஏ1 விரைவுச்சாலையில் அல்ஃபோன்சோ மாண்டெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் செய்த மதிப்பீடு இன்னொரு கோணத்தைத் தருகிறது. மொத்த விபத்துகள் 31 விழுக்காடு குறைந்தன. ஆனால் முதல் அரையாண்டில் 39 விழுக்காடாக இருந்த பயன், ஐந்தாம் அரையாண்டில் 18 விழுக்காடாகச் சுருங்கியது. கருவியைப் பொருத்தித் திறப்புவிழா நடத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. கணக்கும் தண்டனையும் தொடர்ந்து நடக்கிறது என்று ஓட்டுநர்கள் நம்ப வேண்டும்.

இந்தியாவில் இதற்கான சட்ட வாயில் அண்மையில் அகலமாகியுள்ளது. கோயம்புத்தூரின் எலும்புமுறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2014இல் நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மின்னணுக் கண்காணிப்பை உறுதிசெய்யும் கடமையை மாநில அரசுகள் மீது சுமத்தியது. அதற்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. கருவிக்கு ஒப்புதல் சான்று, கண்காணிப்பு நடைபெறுவதை அறிவிக்கும் பலகை, குற்றம் நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிக்கை ஆகியவற்றை அவ்விதி கோருகிறது. மும்பை – புணே விரைவுச்சாலையில் 2024 முதல் இயங்கும் போக்குவரத்து மேலாண்மை அமைப்பில் சராசரி வேக அளவீடும் ஒரு பகுதி.

கொல்கத்தாவை விட்டு வெளியேறும் பெருஞ்சாலைகளில் இரு கடிகாரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். டில்லி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 19இல், டான்குனிக்கும் பால்சிட்டுக்கும் இடையே ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இரு ஊர்களிலும் சுங்கச்சாவடிகள் உண்டு. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால், சுங்கம் செலுத்திக் கடக்கும் வண்டியின் நேரம் மின்னணுப் பதிவாகிறது. ஆனால் இந்தத் தரவை அப்படியே வேகக் கணக்காக்க முடியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வந்து சிங்கூர்ப் பக்கம் அரை மணி நேரம் தேநீர் அருந்துபவரின் சராசரி, ஒழுங்காக ஓட்டியவருடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அளக்கும் பகுதி சில கிலோமீட்டர்களாக, இடையில் ஒதுங்க வழியில்லாததாக இருக்க வேண்டும்.

தரவுரிமைச் சிக்கலும் உண்டு. சராசரி வேகத்தைக் கணக்கிடக் குற்றமிழைக்காதவர்களின் பதிவெண்களையும் முதலில் குறித்தாக வேண்டும். இந்தக் காரணத்தால்தான் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகே நிறுவப்பட்ட அமைப்பை, போதிய சட்ட அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மாநிலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அது மீண்டும் இயங்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் உறுதிசெய்த நாட்டில், வரம்பு மீறாதவரின் பதிவு எத்தனை நொடிகளில் அழிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டிய எண்.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். இவற்றைவிட ஆழமான ஒன்றைக் கொல்கத்தாவின் பேருந்து நினைவூட்டுகிறது. தனிக் காரில் மேம்பாலத்தைக் கடப்பவரின் வேகம் பெரும்பாலும் அவரது தெரிவு. வசூல் பங்கில் பிழைக்கும் பேருந்து ஓட்டுநரும், குறித்த நேரத்துக்குள் சரக்குச் சேர்க்க வேண்டிய லாரி ஓட்டுநரும், சில நிமிடங்களில் பொட்டலம் கொண்டுசேர்க்க வேண்டிய இருசக்கர வாகனத் தொழிலாளியும் ஓட்டும் வேகத்தில் இன்னொருவரின் அட்டவணை கலந்திருக்கிறது. கேமரா பதிவெண்ணைப் படிக்கும், அட்டவணையைப் படிக்காது. தண்டத்தை மட்டும் மின்னணுவாக்கிவிட்டு நேரம் குறிப்பவரைத் தொடாமல் விட்டால், பிந்தினால் முதலாளிக்கும் முந்தினால் அரசுக்கும் தண்டம் கட்டும் நிலைக்கு அந்தத் தொழிலாளி தள்ளப்படுவார்.

அதற்கான மருந்து 183ஆவது பிரிவின் முதலாம், நான்காம் உட்பிரிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் வண்டிகள் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப வரம்பை மீறினால், அந்தத் தொடர் பதிவையும் நிறுவனம் கொடுத்த கால அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒற்றைப் புள்ளிக் கேமரா ஒரு நொடியின் மீறலைத்தான் காட்டும். சராசரி வேகம் காட்டுவது கழிந்த நேரத்தை. அட்டவணையும் கழிய வேண்டிய நேரத்தையே பேசுகிறது. இரண்டும் ஒரே அலகில் எழுதப்பட்டிருப்பதால், ஒன்றை மற்றொன்றுக்கு எதிரான சான்றாக நிறுத்த முடியும். கொல்கத்தாவின் டைம் கீப்பர் இத்தனை காலம் பதிந்துவந்த தாளில், பிந்திய நிமிடங்களுக்கு எதிரே தண்டத் தொகை இருந்தது. அதே தாள் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கப்படும் நாளில், முந்திய நிமிடங்களுக்கும் அவற்றை வேண்டியவருக்கும் முதன்முறையாகக் கணக்குக் கேட்கப்படும்.